தூண்டில் கம்பு ஏன் முறிகிறது, முறியாமல் எப்படிப் பிடிப்பது: மலையகத்துக்காரர்களுக்கான முழு வழிகாட்டி

கம்பு முறிந்தவுடன் எல்லாரும் சொல்வது ஒன்றுதான். "பெரிய மீன் அண்ணே, ஒரே இழுப்புல முறிச்சிருச்சு." காசல்ரீ கரையிலும் இதே கதை, மஸ்கெலியாவிலும் இதே கதை, கிரகரி வாவிப் பக்கம் போனாலும் இதே கதைதான். ஆனால் நல்ல கம்பை மீன் முறிப்பது அபூர்வம். ஆட்டோ கதவு முறிக்கிறது, கல்லில் பட்ட அடி முறிக்கிறது, எல்லாவற்றையும் விட அதிகமாக நாம் கம்பைத் தூக்கிப் பிடிக்கும் கோணம் முறிக்கிறது. ஒரு ரொட், ரீல் வாங்க நம் ஆட்கள் எத்தனை நாள் சம்பளத்தை ஒதுக்க வேண்டியிருக்கிறது என்று எனக்குத் தெரியும், அதனால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள், மீதி எல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. கம்பு என்பது பாரத்தைத் தன் முழு நீளத்துக்கும் பங்கு போட்டுக் கொடுக்கும் ஒரு குழாய். அடியிலிருந்து நுனி வரை ஒரே சீராக வளையும் வரைக்கும் அது தாங்கும். பாரம் முழுவதும் ஓரிடத்தில் குவிந்தால் அந்த இடத்தில் முறியும். அவ்வளவுதான்.

முறிந்த துண்டு என்ன சொல்கிறது

ஏற்கெனவே ஒரு கம்பை முறித்திருந்தால் துண்டுகளை வீசிவிடாதீர்கள், எடுத்து வைத்துப் பாருங்கள். நுனியிலிருந்து ஒரு அடிக்குள் முறிந்திருந்தால் அநேகமாக மூன்றில் ஒன்று: மீன் காலடிக்கு வந்த நேரம் கம்பை நெட்டுக்குத்தாக நிமிர்த்தியது, நுனியில் தங்கூசி (தூண்டில் நரம்பு) சுற்றிக்கிடந்ததைக் கவனிக்காமல் எறிந்தது, அல்லது கதவு. இரண்டு துண்டு சேரும் பொருத்துக்குப் பக்கத்தில் நீளவாக்கில் பிளந்திருந்தால் பொருத்து தளர்ந்த நிலையில் எறிந்திருக்கிறீர்கள். நடுவில், பெரிய பாரம் எதுவும் இல்லாத நேரத்தில் "டக்" என்று போயிருந்தால் அந்த இடத்தில் முன்பு எப்போதோ அடிபட்டிருக்கிறது. பிடிக்குச் சற்று மேலே முறிந்திருந்தால் டிராக் (மீன் பலமாக இழுத்தால் தங்கூசியை வழுக்கிக் கொடுக்கும் ரீலின் பிடி) அளவுக்கு மீறி இறுக்கமாக இருந்திருக்கிறது, அல்லது தண்ணீருக்கு அடியில் மாட்டிய முள்ளைக் கம்பாலேயே பிடுங்கப் பார்த்திருக்கிறீர்கள்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது

பிடிக்கு மேலே தண்டில் சின்ன எழுத்தில் இரண்டு கணக்கு இருக்கும். ஒன்று எத்தனை றாத்தல் (lb) தங்கூசி, மற்றது எத்தனை கிராம் எறியலாம் என்பது. 6–12 றாத்தல், 5–20 கிராம் என்று போட்டிருந்தால் அதுதான் அந்தக் கம்பின் எல்லை. இங்கே நடக்கும் பெரிய தவறு, அந்த 12 றாத்தல் கம்பில் 30, 40 றாத்தல் பிரெய்ட் நூலை (பல இழை சேர்த்துப் பின்னிய நூல்) சுற்றுவது. பிரெய்ட் மெல்லிசு, பார்க்க ஒன்றும் தெரியாது, ஆனால் நெருக்கடி வந்தால் நூல் அறுவதற்கு முன் கம்பு முறியும். எப்போதும் முதலில் அறுவது தங்கூசியாக இருக்க வேண்டும். பிரெய்ட் போட்டே ஆக வேண்டும் என்றால் முன்பக்கத்தில் கம்பின் கணக்குக்கு ஏற்ற சாதாரண தங்கூசி ஒரு துண்டு கட்டி, டிராக்கையும் அந்தத் துண்டின் கணக்குக்கே வையுங்கள்.

கார்பனா, பைபர்கிளாஸா? கார்பன் இலேசு, மீன் தொட்டால் கையில் உடனே தெரியும், இழுப்பை நன்றாகத் தாங்கும், ஆனால் பக்கவாட்டில் ஒரு கல் தட்டினால் உள்ளே நார் நசுங்கிவிடும், வெளியே கீறல்கூடத் தெரியாது. பைபர்கிளாஸ் கொஞ்சம் பாரம், கொஞ்சம் தொளதொளப்பு, அடி உதை தாங்கும். தோட்டத்து மூங்கில் கம்பு முறிவதற்கு முன் நெறுநெறுவென்று சத்தம் கொடுத்து எச்சரிக்கும், கார்பன் அப்படி எதுவும் சொல்லாது. கல்லும் அடிக்கட்டையுமாகக் கிடக்கும் நம் கரைகளுக்கு, அதுவும் முதல் கம்பு என்றால், பைபர்கிளாஸ் அல்லது இரண்டும் கலந்தது வாங்குங்கள். கடையில் உற்சாகமாகப் பேசி விலை கூடின கார்பனை நீட்டினாலும் அவசரப்பட வேண்டாம்.

கரை வரைக்கும் கொண்டுபோவது

ஹட்டனில் பஸ் ஏறி நோர்வூட்டில் இறங்கி, அங்கிருந்து ஆட்டோ பிடித்து, அப்புறம் தேயிலைக்குள் இறங்கி நடந்து போவதுதான் பலருடைய வழி. இந்த வழியில் கம்பு படும் பாடு தண்ணீரில் படுவதை விட அதிகம். 2 அங்குல பி.வி.சி. குழாய் ஒன்றை ஹாட்வெயார் கடையில் கம்பின் துண்டு நீளத்துக்கு ஒரு சாண் கூட்டி வெட்டி வாங்கி, ஒரு பக்கம் மூடியை ஒட்டிவிடுங்கள், மறுபக்கம் கழற்றக்கூடிய மூடி. கம்பில் தங்கூசி ஓடும் வளையம் பெரிதாக இருந்தால் குழாயும் பெரிதாக வேண்டும், அதனால் கம்பைக் கையோடு கொண்டுபோய் நுழைத்துப் பார்த்தே வாங்குங்கள். உள்ளே போடும்போது துண்டுகளைப் பழைய துணியில் தனித்தனியாகச் சுற்றுங்கள். ஒரு துண்டின் வளையம் மற்றத் துண்டின் தண்டில் வழி முழுக்க உரசிக்கொண்டு வரும், நம் பாதைகளில் எத்தனை குலுக்கல் என்று சொல்லவா வேண்டும்.

ஆட்டோவில் நுனியை வெளியே நீட்டிக்கொண்டு போகவே போகாதீர்கள். பஸ்ஸில் குழாயைக் காலுக்கு நடுவில் நட்டு வைத்துக்கொள்ளுங்கள், மிதிபலகைப் பக்கம் சாய்த்து வைத்தால் ஏறுகிறவர் மிதிப்பார், அவர் மேல் குற்றம் சொல்ல முடியாது.

பூட்டிய கம்போடு தேயிலைக்குள் நடக்க நேர்ந்தால் நுனி பின்பக்கம் இருக்கட்டும், பிடி முன்னால். நுனியை முன்னால் நீட்டி இறங்கினால் சறுக்கும் ஒரு நொடியில் அது மண்ணில் குத்தும். சறுக்கும்போது ஊன்றுகோலாகவும் கம்பை ஊன்றாதீர்கள், இதற்கென்று ஒரு காட்டுக் கம்பை வெட்டி மற்றக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். காலில் அட்டை ஏறினால் கம்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு குனிகிறோம் அல்லவா, அப்போதுதான் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் நுனி செடியில் மாட்டி மடங்கும். முதலில் கம்பைச் செடி மேல் கிடத்துங்கள், பிறகு அட்டையைப் பாருங்கள்.

முள்ளைப் பிடிக்கு மேலே உள்ள சின்னக் கொக்கியில் மாட்டலாம், கொக்கி இல்லையென்றால் ரீலின் உலோகத்தில் மாட்டலாம். அதற்காக நுனி வளையும் அளவுக்கு இறுக்கிச் சுற்றி வைக்காதீர்கள். ஈயத்தையோ ஸ்விவலையோ (தங்கூசியில் கட்டும் சுழலும் இணைப்பு) நுனி வளையம் வரைக்கும் சுற்றி ஏற்றினால் உள்ளே இருக்கும் செராமிக் வளையம் வெடிக்கும், அப்புறம் அது தங்கூசியை அறுக்கத் தொடங்கும்.

பூட்டுவது

இரண்டு துண்டும் சேரும் இடத்தை முதலில் துணியால் துடையுங்கள், ஒரு மணல் துகள் இருந்தாலும் பொருத்து முழுதாக உட்காராது. வளையங்களைக் கால் சுற்று விலக்கி வைத்து நுழைத்து, தள்ளிக்கொண்டே முறுக்கி நேர்கோட்டுக்குக் கொண்டு வாருங்கள். கழற்றும்போது முறுக்க வேண்டாம், நேராக இழுங்கள், வளையத்தைப் பிடித்து இழுக்காதீர்கள். பொருத்து சீக்கிரம் தளர்ந்துவிடுகிறதா? உள்ளே நுழையும் ஆண் துண்டில் மெழுகுதிரியை இலேசாகத் தேய்த்துவிடுங்கள். எறிய எறிய அது கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும், அதனால் இடையிடையே கையால் தொட்டுப் பார்ப்பது பழக்கமாக வேண்டும்.

இறுகிக்கொண்டால் இரண்டு பேர் இரண்டு பக்கம் இழுப்பது ஆபத்து. கம்பை முழங்கால்களுக்குப் பின்னால் வைத்து, கைகளை முழங்கால்களின் வெளிப்பக்கமாகப் பொருத்தின் இருபுறமும் பிடித்து, கையால் இழுக்காமல் முழங்கால்களை மெதுவாக விரியுங்கள். நேராகக் கழன்று வரும்.

மடக்குக் கம்பு, அதாவது ஒன்றுக்குள் ஒன்று போகும் டெலஸ்கோப் வகை, இங்கே நிறையப் பேர் கையில் இருக்கிறது. அதை உதறித் திறக்காதீர்கள். மெல்லிய நுனித் துண்டை முதலில் இழுத்து, ஒவ்வொன்றாக அடிக்கு வாருங்கள். மூடும்போது தடித்த துண்டிலிருந்து தொடங்குங்கள். நுனியை உள்ளங்கையால் அழுத்தி மூடும் பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள்.

தங்கூசி கோக்கும்போது ஒரு வளையத்தைத் தவறவிட்டால் அந்த இடத்தில் பாரம் சமமாகப் போகாது. கோத்து முடித்தபின் நுனியிலிருந்து அடி வரை ஒருமுறை கண்ணால் எண்ணிக்கொள்ளுங்கள்.

டிராக்: தண்ணீர் போத்தலே போதும்

தங்கூசியின் பலத்தில் 25 முதல் 30 சதவீதம் வரை டிராக் இருக்க வேண்டும். 10 றாத்தல் தங்கூசி என்றால் ஏறத்தாழ 1.1 முதல் 1.4 கிலோ. தராசு தேவையில்லை, ஒரு லீட்டர் தண்ணீர் ஒரு கிலோ. ஒன்றரை லீட்டர் போத்தலில் முக்கால்வாசிக்குக் கொஞ்சம் மேலாகத் தண்ணீர் நிரப்பித் தங்கூசியில் கட்டுங்கள். கம்பை நேர் கீழாக, போத்தலை நோக்கிப் பிடித்துத் தூக்குங்கள், கம்பு வளையவே கூடாது. போத்தல் தரையை விட்டு எழும்பும்போது ரீல் மெதுவாக வழுக்கிக் கொடுத்தால் சரி. தூக்கிக்கொண்டே வந்தால் இறுக்கம் கூட, தளர்த்துங்கள். மீன் இழுக்கும்போது இதைத் தொடாதீர்கள். பயத்தில் டிராக்கைத் திருகுவது பலருக்குக் கை தானாகச் செய்யும் வேலை, மீன் கரைக்குப் பக்கத்தில் கடைசியாக ஒரு ஓட்டம் ஓடும் நேரம்தான் அதற்கு விலை கொடுக்க வேண்டிவரும்.

இரையைப் போட்டுவிட்டுக் கம்பைக் கவைக்குச்சியில் சாய்த்து வைக்கிறவர்கள் டிராக்கை நன்றாகத் தளர்த்தி வையுங்கள். இல்லையென்றால் கெண்டை பிடித்துக்கொண்டு ஓடும்போது கம்பே தண்ணீருக்குள் போய்விடும். கல் மேல் கிடத்தினால் தண்டு கீறும், யாராவது மிதிக்கவும் மிதிப்பார்கள், ஆகவே கவைக்குச்சி கட்டாயம்.

எறிவது

எறிவதற்கு முன் ஒவ்வொரு முறையும் நுனியைப் பாருங்கள். பனி இறங்கும் காலை நேரத்தில், காற்று அடிக்கும்போது, பிரெய்ட் நூல் நுனியில் ஒரு சுற்று சுற்றிக்கிடக்கும். அதோடு வேகமாக எறிந்தால் ஈயம் போகாது, நுனி போகும். பின்னால் என்ன இருக்கிறது என்றும் பாருங்கள், டேர்பன்டைன் மரம், தேயிலைச் செடி, ஆள். ஈயம் தண்டில் "டிக்" என்று மோதும் சத்தம் கேட்டால் அந்த இடத்தைக் கையால் தடவிப் பாருங்கள், கார்பன் கம்புக்கு அந்த ஒரு அடியே பின்னாளில் முறிவதற்குப் போதும்.

மீன் மாட்டிய பிறகு

இந்தப் பகுதியை மெதுவாகப் படியுங்கள், அதிகமான கம்புகள் முறிவது இங்கேதான்.

மீன் தூரத்தில் இருக்கும்போது கம்பின் அடிப்பகுதி தண்ணீருக்கு 45 முதல் 60 பாகை வரை சாய்ந்திருக்கட்டும். இந்தக் கோணத்தில் நுனி பாதி வேலையும் நடுப்பகுதி பாதி வேலையும் செய்யும். மீன் பெரிது, பலமாக இழுக்கிறது என்றால் கம்பை இன்னும் தாழ்த்துங்கள், தாழ்த்தத் தாழ்த்தப் பாரம் தடித்த அடிப்பகுதிக்கு இறங்கும். பயம் வந்தால் கை மேலே போகும். கையைக் கீழே கொண்டுவரப் பழக்க வேண்டும், இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

மீன் அருகில் வர வர நிலைமை மாறுகிறது. தூரத்தில் இருந்தபோது தங்கூசி கிட்டத்தட்டக் கிடையாகப் போனது, இப்போது காலடியில் நேர் கீழே போகிறது. நீங்கள் கம்பை அதே போல நிமிர்த்தி வைத்திருந்தால், அல்லது இன்னும் மோசமாகத் தோளுக்குப் பின்னால் சாய்த்தால், நுனி அரைவட்டமாக மடங்கி எல்லாப் பாரமும் மேலே உள்ள மெல்லிய ஒரு அடியில் வந்து நிற்கும். அரைக் கிலோ திலாப்பியா ஒரு துள்ளுத் துள்ளினால் போதும். செங்குத்தைத் தாண்டிக் கம்பு பின்னால் போகவே கூடாது.

இன்னொன்று, பாரம் தாங்காமல் மற்றக் கையைப் பிடிக்கு மேலே, தண்டில் வைத்துப் பிடிப்பது. அப்படிப் பிடித்தால் அந்தக் கைக்குக் கீழே இருக்கும் தடித்த பகுதி வேலை செய்யாது, வளைவு முழுவதும் கைக்கு மேலே குவியும். இரண்டு கையும் பிடியிலேயே இருக்கட்டும், அடிமுனையை வயிற்றில் ஊன்றிக்கொள்ளுங்கள்.

நம் நீர்த்தேக்கங்களில் மேலதிகமாக ஒரு தொல்லை இருக்கிறது. தண்ணீர் இறங்கிய காலத்தில் கரை செங்குத்தான செம்மண் சரிவாக நிற்கும், நாம் மேலே, மீன் கீழே. அங்கேயிருந்து கம்பாலேயே மீனைத் தூக்கப் பார்ப்பது தூண்டிலுக்குச் செய்யும் மிகப் பெரிய அநியாயம். எறிவதற்கு முன்னாலேயே மீனை எங்கே ஏற்றுவது என்று இடம் பார்த்து வையுங்கள், பத்து அடி தள்ளியாவது ஒரு தாழ்ந்த இடம் இருக்கும், மீனை நடத்திக்கொண்டு அங்கே போங்கள். கைவலை இருந்தால், நுனியிலிருந்து ஒரு கம்பு நீளத்துக்குத் தங்கூசி வெளியே இருக்கும்போதே சுற்றுவதை நிறுத்தி, கம்பைப் பக்கவாட்டில் தாழ்த்திக்கொண்டு, ஓரடி ஈரடி பின்னால் போங்கள். உதவிக்கு ஆள் இருந்தால் முதலிலேயே சொல்லி வையுங்கள்: "தம்பி, வலையைத் தண்ணிக்குள்ள அமுக்கி வை, மீனைத் துரத்தாத, நான் அதுக்கு மேல கொண்டு வரேன்." வலை இல்லையா, மீன் களைத்து ஓய்ந்த பிறகு கம்பைத் தாழ்த்திவிட்டுத் தங்கூசியைக் கையால் பிடித்து ஏற்றுங்கள். கம்பை விடத் தங்கூசி மலிவு.

அடியில் மாட்டிக்கொண்டால்

காசல்ரீ, மவுசாகலை இரண்டும் 1960களில் தேயிலை நிலத்தையும் ஊரையும் மூடிக் கட்டிய நீர்த்தேக்கங்கள். பழைய மஸ்கெலியா நகரமே தண்ணீருக்குள் போனது, வறட்சியில் நீர் வற்றினால் பழைய கோயில் மேலே தெரியும். அப்படியான அடித்தரையில் தேயிலை அடிக்கட்டை, கல், சுவர் எல்லாம் கிடக்கும், முள் மாட்டாமல் மீன் பிடிக்கவே முடியாது. வறண்ட மாதத்தில் ஒருமுறை போய்க் கட்டைகள் எங்கே இருக்கின்றன என்று பார்த்து வைத்துக்கொள்வது பெரிய உதவி.

மாட்டியதும் கம்பை உயர்த்தி உதறாதீர்கள். முதலில் தங்கூசியைத் தளர்த்தி, பக்கம் மாறி நின்று, நுனியால் இலேசாகத் தட்டிப் பாருங்கள், பல நேரம் வந்த வழியிலிருந்து இழுத்தால் கழன்றுவிடும். வரவில்லையென்றால் கம்புக்கு வேலை முடிந்தது. தங்கூசி முழுவதையும் சுற்றி இறுக்கி, கம்பை மாட்டிய இடத்தை நோக்கி நேராக நீட்டி, ரீலின் சுருளைக் கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் நடங்கள். கம்பு வளையவே இல்லை, ஆகவே முறியவும் வழியில்லை. கழலும், அல்லது அறும். முகத்தை மட்டும் திருப்பிக்கொள்ளுங்கள், அறுந்த ஈயம் நேரே உங்களை நோக்கித்தான் வரும். பிரெய்ட் நூலைக் கையில் சுற்றி இழுக்கக் கூடாது, சதையை வெட்டிவிடும். ஒரு தடித்த குச்சியில் நாலைந்து சுற்றுச் சுற்றி அந்தக் குச்சியைப் பிடித்து இழுங்கள்.

கம்பை விட முக்கியமான ஒன்று

கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். நம் பகுதி மின்நிலையங்களின் பகுதி, நீர்த்தேக்கத்தைச் சுற்றி மின்கம்பிகள் போகாத இடம் குறைவு. கம்பிக்குக் கீழே நின்று எறிவதோ நிமிர்ந்த கம்போடு நடப்பதோ கூடாது. ஏப்ரலிலும், ஒக்டோபர் நவம்பரிலும் மத்தியானத்துக்குப் பிறகு இடி இறங்கும், தூரத்தில் உறுமல் கேட்டவுடனேயே கம்பைக் கீழே வைத்துவிட்டுக் கரையை விட்டு விலகுங்கள். அணைக்கட்டுப் பக்கமும் தண்ணீர் உள்வாங்கும் இடத்துப் பக்கமும் போகவே வேண்டாம். ஹோர்டன் சமவெளிக்குள் ஓடையில் ட்ரவுட் இருக்கிறது என்று யாராவது சொன்னால், அது தேசிய பூங்கா, உள்ளே தூண்டில் போட அனுமதி இல்லை.

வீட்டில்

ஈரத்தோடு உறையில் போட்டால் நம் குளிரில் காயவே காயாது, பூஞ்சணம் பிடிக்கும், வளையத்தின் கால் துருப்பிடிக்கும். துடைத்துக் காயவிட்டுச் சுவரில் இரண்டு ஆணி அடித்து அதன் மேல் படுக்கையாக வையுங்கள். அடுப்புக்கு மேலே பரணில் வேண்டாம், தகரக் கூரையை ஒட்டியும் வேண்டாம், மூலையில் மாதக்கணக்கில் சாய்த்து வைத்தாலும் கோணும்.

மாதம் ஒருமுறை பஞ்சுக் குச்சியை ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் சுற்றிப் பாருங்கள், நார் இழுபட்டால் அங்கே வெடிப்பு. தண்டை விரல் நகத்தால் நீளவாக்கில் தடவுங்கள், நகம் தட்டும் இடத்தைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். பைபர்கிளாஸில் அடிபட்ட இடம் வெள்ளையாகத் தெரியும்.

நுனி முறிந்துவிட்டால்

நுனியில் இரண்டு மூன்று அங்குலம் போனால் கம்பை வீச வேண்டாம். முறிந்த நுனித் துண்டில் உள்ள வளையத்தின் உலோகக் குழலை லைட்டரில் சில நொடி சூடாக்கி, குறட்டால் இழுத்தால் கழன்று வரும். முறிந்த முனையை நேராக வெட்டி, ஈரமான உப்புத்தாளால் தேயுங்கள், கார்பன் தூசு மூச்சுக்குள் போகக் கூடாது, மூக்கைக் கட்டிக்கொள்ளுங்கள். முனை இப்போது தடித்திருக்கும், பழைய வளையம் பெரும்பாலும் ஏறாது, தண்டின் விட்டத்தை மில்லிமீற்றரில் அளந்துகொண்டு போய்ப் புதியது வாங்குங்கள். சூடாக்கி உருக்கும் பசையால் ஒட்டினால் பின்னால் மாற்றுவது சுலபம், சுப்பர் குளூ போட்டால் கழற்றும்போது தண்டே பிளக்கும். பசை இறுகும் முன் பின்பக்கத்திலிருந்து ஒரு கண்ணால் பார்த்து மற்ற வளையங்களோடு நேராக்குங்கள். நடுவில் முறிந்ததை உள்ளே பைபர்கிளாஸ் குச்சி விட்டு, எபொக்சி பூசி, வெளியே நூல் சுற்றி ஒட்டலாம், ஆனால் பழைய வளைவு வராது, சின்னத் திலாப்பியாவுக்குப் பாண் உருண்டை போட வைத்துக்கொள்ளலாம். நுனி குட்டையான கம்பு விறைப்பாக இருக்கும், மெல்லிய கடி தெரியாது, அதை மண்புழுவும் ஈயமும் போட்டுக் கெண்டைக்கு அடியில் விடுவதற்கு வையுங்கள்.